பிரிந்தவர்கள் மறுபடி சந்திக்கும்போது: கொரியன் சீரியல் கேள்வி-பதில்

கொரியன் சீரியல்களில் பிரிந்துபோன காதலர்களும் விவாகரத்தான தம்பதிகளும் மறுபடி சேரும் கதைகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிச் சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் படிக்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பல பதில்களில் கதையின் முடிவு வந்துவிடும். இன்னும் பார்க்காத சீரியலின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: புதுக் காதல் கதைகளைப் பார்க்கும்போது வராத அழுகை, பிரிந்தவர்கள் திரும்பச் சந்திக்கும் கதையில் மட்டும் எனக்கு வருகிறது. ஏன் அக்கா? எல்லாமே ஒரே ஃபார்முலா என்று தோழிகள் சொல்கிறார்களே! (ஐ.டி. வேலையில் இருக்கும் வாசகி)

புதுக் காதலில், இந்த இருவருக்கும் ஒருவரையொருவர் ஏன் பிடிக்கிறது என்பதை நம்மை நம்பவைக்கவே நாலைந்து எபிசோடு போய்விடும். பிரிந்தவர்கள் கதையில் அந்த வேலை முதல் காட்சியிலேயே முடிந்துவிடுகிறது. கதவைத் திறக்கிறாள், வாசலில் அவன் நிற்கிறான். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் சில வருடங்களின் கதை அங்கே நிற்கிறது. என்ன நடந்திருக்கும் என்று நாம் தேட ஆரம்பித்துவிடுகிறோம்.

ஃபார்முலா இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நல்ல சீரியலையும் சுமாரானதையும் பிரித்துப் பார்க்க நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனிப்பேன். எதனால் பிரிந்தார்களோ, அதைத் தொட்டுப் பேசிவிட்டுச் சேர்கிறார்களா? அல்லது மழை, பனி, விபத்து, ஆஸ்பத்திரி என்று ஏதோ ஒன்று வந்து அவர்களைச் சேர்த்துவைக்கிறதா?

'அவர் பிலவ்ட் சம்மர்' பார்த்திருப்பீர்கள். எஸ்.பி.எஸ். சேனலில் 2021 டிசம்பரில் தொடங்கி அடுத்த ஜனவரியில் முடிந்தது. பள்ளியில் முதல் ரேங்க் வாங்கும் யோன்-சூவையும் கடைசி ரேங்க் வாங்கும் சோய் உங்கையும் சேர்த்து ஒரு டாக்குமெண்டரி எடுத்திருப்பார்கள். பத்து வருடம் கழித்து அது இணையத்தில் வைரலாகிறது. அதற்குள் அவர்கள் காதலித்துப் பிரிந்தே ஐந்து வருடம் ஆகியிருக்கும். இப்போது தொடர்ச்சியை எடுக்க மறுபடியும் கேமரா வருகிறது. கிம் டா-மியும் சோய் வூ-ஷிக்கும் நடித்தது.

அவள் ஏன் அவனை விட்டுப்போனாள் என்பது உங்குக்குத் தெரியாது. அந்தக் காரணத்தைச் சீரியல் நமக்கும் உடனே சொல்வதில்லை. அவள் பாட்டியுடன் வளர்ந்தவள். குடும்பத்தின் கடன் தலையில் விழுந்தபோது, கையிலிருந்த எல்லாவற்றிலும் அவளால் கைவிட முடிந்தது அவனை மட்டும்தான். தன் ஏழ்மையை அவன் பார்த்துவிடக் கூடாது என்கிற வீம்பும் அதில் இருந்தது. அவனோ பெற்ற தகப்பனால் கைவிடப்பட்டு, ஹோட்டல் நடத்தும் ஒரு தம்பதியிடம் வளர்ந்த பையன். கட்டடங்களையும் மரங்களையும் மட்டும்தான் வரைவான். அவை அவனை விட்டு எங்கேயும் போகாது இல்லையா! இப்படிப்பட்ட ஒருவனைக் காரணம் சொல்லாமல் விட்டுப்போனால் அது எங்கே போய் அடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் இந்த சீரியலைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவது அதன் கடைசிப் பகுதிக்காக. உங் படிப்பதற்காகப் பாரிஸ் போகவேண்டி வருகிறது. கூட வருகிறாயா என்று கேட்கிறான். தன் வேலையும் வாழ்க்கையும் இப்போதுதான் தனக்குப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்கிறாள் அவள். வரமாட்டேன் என்று காரணத்தோடு, நேராக, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். முன்பு இவர்களைப் பிரித்த அதே தூரம், அதே வித்தியாசம் திரும்ப வருகிறது. இந்த முறை இருவரும் பேசுகிறார்கள், அதனால் உறவு நிற்கிறது. அவன் திரும்பி வந்து கல்யாணமும் நடக்கிறது. உங்களுக்கு வந்த அழுகை இதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: இந்த மாதிரிக் கதைகளுக்கெல்லாம் மூத்தது 'விண்டர் சொனாட்டா'தானே? இப்போது பார்த்தாலும் நன்றாக இருக்குமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

கொரியாவுக்கு வெளியே இந்தக் கதையைப் பரப்பியது அதுதான் டீச்சர். 2002-ல் கே.பி.எஸ். ஒளிபரப்பியது, 20 எபிசோடு. அடுத்த வருடம் ஜப்பானின் என்.எச்.கே. வாங்கிப் போட்டது. அங்கே நடுத்தர வயதுப் பெண்கள் அதைக் கொண்டாடிய விதம் ஒரு தனிச் சரித்திரம். 2004-ல் அதன் கதாநாயகன் பே யோங்-ஜூன் ஜப்பானில் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கில் ரசிகைகள் நின்றார்கள். சீரியலில் வரும் நாமி தீவில் மரங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் அந்தப் பாதையில் நடப்பதற்காகவே கப்பல் கப்பலாக, விமானம் விமானமாகக் கொரியாவுக்குக் கிளம்பினார்கள்.

பள்ளிக்கூடக் காதலன் விபத்தில் இறந்துவிட்டான் என்று நினைத்து வாழ்கிறாள் யூ-ஜின். பத்து வருடம் கழித்து, வேறொருவருடன் நிச்சயதார்த்தம் நடக்கவிருக்கும்போது, அதே முகத்தோடு ஒருவன் தெருவில் நடந்துபோகிறான். அவனுக்குப் பழைய நினைவு எதுவும் இல்லை.

இப்போது பார்த்தால் வேகம் மிகவும் குறைவு என்று தோன்றும். ஒரு பார்வைக்கு ஒரு பாட்டு முழுவதும் ஓடும். பொறுமையோடு பாருங்கள், அந்தப் பனியும் பியானோவும் இன்றைக்கும் வேலை செய்கின்றன. ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மறதி என்ற ஒன்றை வைத்துவிட்டால் யாரும் யாரையும் விட்டுப்போனதாக ஆகாது. தப்பு செய்தவரும் இல்லை, மன்னிக்கவேண்டியவரும் இல்லை. விதிதான் பிரித்தது, விதிதான் சேர்த்தது. எனக்கு விதி கதைகளைவிட, ஒருவர் தெரிந்தே விட்டுவிட்டுப் போன கதைகள்தான் பிடிக்கும். அங்கேதான் திரும்பி வருவதற்குத் தைரியம் தேவைப்படுகிறது.

கேள்வி: விவாகரத்து ஆன பிறகு சேர்வதெல்லாம் சீரியலில் மட்டும்தான் நடக்கும் என்கிறார் என் கணவர். கொரியாவில் விவாகரத்து அவ்வளவு சுலபமா? 'குவீன் ஆஃப் டியர்ஸ்' பார்த்ததிலிருந்து வீட்டில் இதே விவாதம்!

அங்கே கணவன் மனைவி இருவரும் சம்மதித்துப் பிரிவதாக இருந்தாலும் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். 2008 ஜூனிலிருந்து, யோசித்துப் பார்க்க என்று ஒரு காத்திருப்புக் காலமும் சட்டத்திலேயே இருக்கிறது. சின்னக் குழந்தைகள் இருந்தால் 3 மாதம், இல்லாவிட்டால் 1 மாதம். ஒருவர் சம்மதிக்கவில்லை என்றால் வழக்குத்தான். அதிலும், தவறு செய்தவரே வந்து விவாகரத்து கேட்டால் பொதுவாகக் கொடுப்பதில்லை. அந்த நிலைப்பாட்டை 2015-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் 7 நீதிபதிகளுக்கு 6 நீதிபதிகள் என்ற கணக்கில் தக்கவைத்துக்கொண்டது.

சீரியல்களில் ஒருவர் கையெழுத்துப் போட்ட விவாகரத்துக் காகிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு எபிசோடு எபிசோடாகத் திரிவது இதனால்தான். மற்றவர் கையெழுத்து இல்லாமல் அது நகராது. கே.பி.எஸ்.ஸில் 1999-ல் தொடங்கிப் பல வருடம் ஓடிய 'லவ் அண்ட் வார்' என்று ஒரு தொடர் இருந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு தம்பதியின் சண்டை. முடிவில் சமரசக் குழுவின் தலைவராக வரும் மூத்த நடிகர் ஷின் கூ, நான்கு வாரம் கழித்துப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்த வசனம் கொரியா முழுவதும் பிரபலம். சேர்ந்தார்களா இல்லையா என்பதைப் பார்ப்பவர்கள்தான் முடிவு செய்துகொள்ளவேண்டும்.

இனி உங்கள் வீட்டு விவாதத்துக்கு வருகிறேன். 'குவீன் ஆஃப் டியர்ஸ்' 2024-ல் டி.வி.என். சேனலில் வந்தது. கடைசி எபிசோடின் ரேட்டிங் 24.85 சதவீதம். 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' வைத்திருந்த சேனல் சாதனையை அது தாண்டியது. விவாகரத்துக் காகிதத்தோடு வந்து நிற்கும் ஹியூன்-வூவிடம், தனக்கு இன்னும் மூன்று மாதம்தான் என்கிறாள் மனைவி ஹே-இன். காகிதத்தை மறைத்துவிடுகிறான். அது வெளியே வந்து, உண்மையிலேயே விவாகரத்தும் ஆகி, அதற்குப் பிறகுதான் அவர்கள் ஒருவரையொருவர் மனைவி, மாப்பிள்ளை என்ற பாரம் இல்லாமல் பார்க்கிறார்கள்.

நோயால் சேர்ந்தார்கள் என்று உங்கள் கணவர் சொன்னால், நர்ஸரி அறைக் காட்சிகளைத் திரும்பப் போட்டுக் காட்டுங்கள். பிறக்காமலே போன குழந்தைக்காக வைத்திருந்த அறையை அவள் காலிசெய்துவிடுகிறாள். அவளுக்கு வருத்தமே இல்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான். இருவரும் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள், ஒன்றாக அழவில்லை. அந்தக் கல்யாணம் உடைந்தது அங்கேதான். பணக்கார மாமனார் வீட்டுக் கெடுபிடியெல்லாம் அதற்கு மேலே சேர்ந்தது. கிம் சூ-ஹியூனும் கிம் ஜி-வோனும் அந்த மௌனத்தை நடித்த விதத்துக்காக எத்தனை முறையும் பார்க்கலாம். ஆனால் கடைசி எபிசோடுகளில் கடத்தல், துப்பாக்கி, ஆபரேஷனுக்குப் பின் மறதி என்று அள்ளிப்போட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. பள்ளி நாட்களிலேயே சந்தித்திருந்தார்கள், ஒரு எம்.பி.3 பிளேயர் சாட்சி என்பதும் தேவையில்லாதது. கல்யாணம் செய்து, தோற்று, மறுபடி ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைவிடப் பெரிய சம்பந்தம் பள்ளிக்கூடத்தில் இருந்து வரவேண்டுமா என்ன?

கேள்வி: நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் கதையில் 14-வது எபிசோடு வந்தால் மறுபடி பிரித்துவிடுகிறார்களே, அது ஏன்? உடனே 'ஒரு வருடம் கழித்து' என்று போட்டுவிடுகிறார்கள். (கல்லூரி மாணவி)

வாரத்துக்கு இரண்டு எபிசோடு, மொத்தம் 16 என்பது அங்கே நீண்ட நாள் வழக்கம். எட்டு வாரத்தில் முடியவேண்டும், கடைசி வாரத்துக்கும் ஆட்கள் வந்து உட்காரவேண்டும். அதற்கு முந்தைய வாரம் ஒரு பிரிவைப் போட்டால் வந்துவிடுவார்கள்.

பிரிப்பதில் எனக்குக் கோபம் இல்லை, பழைய காரணமே திரும்ப வந்து சோதித்தால் அது நியாயமான பிரிவு. 'சம்திங் இன் த ரெயின்' (2018) கடைசியில் நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவ்வளவு நிதானமாக, ஒரு குடையிலிருந்து தொடங்கி வளர்த்த காதல். பிரித்து, சில வருடம் தாண்டி, கடைசி எபிசோடில் ஜெஜு தீவில் மழை பெய்யவைத்துச் சேர்த்துவிட்டார்கள். கதாநாயகி சோன் யே-ஜின் முகத்தில் அத்தனை கேள்விகள் இருந்தன. அதற்கெல்லாம் பதில் சொல்லக் குறைந்தது இன்னும் மூன்று எபிசோடு வேண்டும்.

கேள்வி: கடந்த காலத்துக்குப் போய்க் கல்யாணத்தைச் சரிசெய்யும் சீரியல்களில் எது சிறந்தது? 'கோ பேக் கப்புள்' என்கிறேன் நான், 'ஃபெமிலியர் வைஃப்' என்கிறாள் என் தங்கை. தீர்ப்பு சொல்லுங்கள்.

தீர்ப்பு உங்கள் பக்கம். ஆனால் தங்கையின் கட்சியிலும் பலம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'ஃபெமிலியர் வைஃப்' 2018-ல் டி.வி.என்.னில் வந்தது. வங்கி ஊழியர் ஜூ-ஹியூக், இரண்டு குழந்தைகள், எந்நேரமும் கோபத்தில் கத்தும் மனைவி வூ-ஜின். அவனுக்கு 2006-ம் வருடத்து 500 வோன் காசு கிடைக்கிறது. ஒரு சுங்கச்சாவடியில் அதைப் போட்டால் பழைய நாளுக்குப் போய்விடலாம். போகிறான், வேறொருத்தியைத் தேர்ந்தெடுக்கிறான், வசதியான வீட்டில் கண்விழிக்கிறான். அவன் வேலை செய்யும் கிளைக்கே வூ-ஜின் புதிதாக வேலைக்கு வருகிறாள். சிரிக்கிறாள், எல்லோரையும் சிரிக்கவைக்கிறாள். அவள் எப்போதும் கத்துகிறவளாகப் பிறக்கவில்லை, தன்னோடு வாழ்ந்துதான் அப்படி ஆனாள் என்பது அவனுக்கு மெதுவாக உறைக்கிறது. அவள் அப்பாவை இழந்து தவித்தபோதும், குழந்தைகளோடு தனியாக மல்லுக்கட்டியபோதும் அவன் பக்கத்தில் இல்லை.

இதில் ஒரு காட்சியை மறக்கவே முடியாது. நினைவு தவறிக்கொண்டிருக்கும் அவளுடைய அம்மா, இந்த வாழ்க்கையில் பார்த்தே இருக்க வாய்ப்பில்லாத அவனை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவார். ஜூ-ஹியூக்காக நடித்த ஜி சங்கின் முகம் அப்படியே நொறுங்கிப்போகும். ஹான் ஜி-மின் இரண்டு வூ-ஜின்களையும் இரண்டு வெவ்வேறு பெண்களாகவே நடித்திருப்பார். பிற்பாதியில் அவளும் தானாகவே காசு போட்டுப் பின்னால் போய் அவனைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பது நல்ல முடிச்சு.

எல்லாம் சரி, அந்த இரண்டு குழந்தைகள்? அப்பா ஒரு காசைப் போட்டதும் அவர்கள் இல்லாமல் போய்விடுகிறார்கள். அதற்காக அவன் துடிப்பதைச் சீரியல் போதுமான அளவு காட்டவில்லை. மனைவியின் வலியை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த எழுத்து, இதைத் தாண்டிப் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

'கோ பேக் கப்புள்' அதற்கு ஒரு வருடம் முன்னால், 2017-ல், கே.பி.எஸ். வெளியிட்டது. வெறும் 12 எபிசோடு. விவாகரத்து செய்துகொண்ட 38 வயதுத் தம்பதி மறுநாள் 1999-ல், 20 வயது மாணவர்களாகக் கண்விழிக்கிறார்கள். ஒருவரையொருவர் கண்ணிலேயே பார்க்கக் கூடாது என்றுதான் இருவரும் முதலில் முடிவுசெய்கிறார்கள். ஆனால் மனைவி ஜின்-ஜூவுக்கு இறந்துபோன அம்மா அங்கே உயிரோடு சமையலறையில் நிற்கிறாள். ஜின்-ஜூவாக வரும் ஜாங் நா-ரா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழும் அந்தக் காட்சிக்கு முன்னால் காதல் காட்சிகள் எல்லாம் ஒன்றுமே இல்லை. மாமியாரைத் திரும்பப் பார்க்கும்போது கணவன் பான்-டோவும் உடைந்துபோகிறான். அவனும் அவளை இழந்தவன்தான் என்பது அப்போதுதான் ஜின்-ஜூவுக்கு மட்டுமல்ல, நமக்கும் தெரிகிறது. மருந்து விற்பனை வேலையில் டாக்டர்கள் முன்னால் குனிந்து நின்ற அவமானத்தை அவன் வீட்டில் சொன்னதே இல்லை. பகல் முழுக்கக் குழந்தையோடு தனியாக இருக்கும் களைப்பை அவளும் சொன்னதில்லை.

அவர்களுடைய சின்னப் பையன் சோ-ஜின் 1999-ல் இல்லை. கூட்டத்தில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அவர்களுக்கு அவன் ஞாபகம். திரும்பிப் போனால் மகன் கிடைப்பான், அம்மா போய்விடுவாள். இங்கேயே இருந்தால் அம்மா இருப்பாள், மகன் பிறக்கவே மாட்டான். இதைக் கடைசியில் அம்மாவே புரிந்துகொண்டு, பெற்றவர்கள் இல்லாமல் வாழ்ந்துவிடலாம், பெற்ற பிள்ளை இல்லாமல் முடியாது என்று மகளை அனுப்பிவைக்கிறாள். கிம் மி-கியோங் அந்த அம்மா. இந்த நடிகை எத்தனையோ சீரியல்களில் அம்மாவாக வந்திருக்கிறார், ஆனால் எனக்கு அவர் எப்போதும் ஜின்-ஜூவின் அம்மாதான்.

தங்கைக்கு ஆறுதல் பரிசாக '18 அகெய்ன்' (2020) பார்க்கச் சொல்லுங்கள். அதில் விவாகரத்தின் விளிம்பில் நிற்கும் அப்பா 18 வயதுப் பையனாகி, தன் இரட்டைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே சேருவார். அங்கே பிள்ளைகளை யாரும் மறக்கவில்லை.

கேள்வி: தப்பு செய்த ஆண் வந்து நின்றதும் பெண் மன்னித்துவிட வேண்டும், அதுதான் இந்தக் கதைகள் கற்றுக்கொடுப்பது. எனக்குக் கோபமாக வருகிறது.

உங்கள் கோபம் பல சீரியல்களுக்குப் பொருந்தும். 'வென் த கமேலியா ப்ளூம்ஸ்' (2019) பார்த்துவிட்டீர்களா? மகனோடு தனியாக ஒரு சின்ன ஊரில் மதுக்கடை நடத்தும் டோங்-பெக். அவளுடைய பழைய காதலன், பையனுக்கு அப்பா, புகழ்பெற்ற பேஸ்பால் வீரர். தனக்கு ஒரு மகன் இருப்பது தெரிந்ததும் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறான். அவனுடைய வருத்தம் பொய்யில்லை. எழுத்தாளர் லிம் சாங்-சூன் அவனை வில்லனாக்கவும் இல்லை. ஆனாலும் டோங்-பெக் திரும்பிப் போவதில்லை. அவளை ஊர் முழுக்கக் கேட்க உரக்கப் பாராட்டும் போலீஸ்காரன் யோங்-ஷிக் அவள் பக்கத்தில் இருக்கிறான். பழையவனுக்குப் பிள்ளையின் அப்பா என்ற இடம் உண்டு, அதற்கு மேல் கிடையாது.

திரும்பி வருபவர் பெண்ணாக இருக்கும்படியும் இதையே செய்திருக்கிறார்கள். 2005-ல் வந்த 'மை லவ்லி சாம்-சூன்' நினைவிருக்கிறதா? அதில் விட்டுவிட்டுப் போன பழைய காதலி ஹீ-ஜின் திரும்பி வருகிறாள். அவள் போனதற்குக் காரணம் புற்றுநோய், அமெரிக்காவில் சிகிச்சை. இதைவிட நல்ல காரணம் யாருக்கு இருக்கும்! கதாநாயகன் ஹியூன் பின் முதலில் அவளிடம்தான் போகிறார். ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் மட்டும் காதல் திரும்பவில்லை. நடுவில் போன வருடங்களில் அவன் வேறு ஆளாகிவிட்டான், மனதில் சாம்-சூன் வந்துவிட்டாள். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மறுபடி எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கல்லூரியில் என்னை விட்டுப்போனவர் இப்போது மெசேஜ் அனுப்பியிருக்கிறார். இந்த சீரியல்களைப் பார்த்துப் பார்த்து மனம் இளகிப்போயிருக்கிறது. பதில் போடலாமா? (பெயர் வேண்டாம்)

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன் தங்கச்சி. சீரியல் பார்த்து மனம் இளகுவதில் தப்பே இல்லை. ஆனால் சீரியலில் நமக்கு ஃப்ளாஷ்பேக் கிடைக்கும், அவன் அன்று ராத்திரி தனியாக அழுதது நமக்குத் தெரியும். உங்களுக்கு அது தெரியாது. அவர்தான் சொல்லவேண்டும். பதில் போடுவதாக இருந்தால், அன்றைக்கு ஏன் போனீர்கள் என்பதையே முதலில் கேளுங்கள். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று நாள் கணக்கில் ஓட்டிவிட்டு அந்தக் கேள்வியைத் தொடாமல் நழுவுகிறார் என்றால், அதுவே உங்களுக்குக் கிடைத்த பதில்.

நோ ஹீ-கியோங் எழுதிய 'அவர் ப்ளூஸ்' (2022) சீரியலில் இரண்டு கதைகள் உங்களுக்காகவே இருக்கின்றன. ஒன்று, மீன் விற்றுச் சம்பாதிக்கும் உன்-ஹீ. பள்ளி நாளில் அவள் நேசித்த ஹான்-சூ, வங்கி மேலாளராக ஜெஜு தீவுக்கு வருகிறான். பழைய நாட்களைப் பேசுகிறான், பயணம் போகலாம் என்கிறான். உள்ளே இருப்பது பணக் கஷ்டம், கேட்கத் தைரியமில்லை. அது தெரியவரும்போது அவள் முகத்தைப் பாருங்கள். காதலாக வந்தது ஏமாற்றமாகி, பிறகு நட்பாக மிஞ்சுகிறது. பணத்தை அவளே அனுப்புகிறாள், அவன் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறான்.

இன்னொன்று, லாரியில் சாமான் விற்கும் டோங்-சோக்கும் விவாகரத்தான சோன்-ஆவும். அவள் மனச்சோர்வில் இருக்கிறாள், மகனை வளர்க்கும் உரிமைக்காகக் கோர்ட்டில் போராடுகிறாள். உன்னைக் குணப்படுத்திவிடுவேன் என்று அவன் வசனம் பேசுவதில்லை. கூடவே தலைநகர் சோலுக்குப் போகிறான், காத்திருக்கிறான், சில நேரம் கத்தவும் செய்கிறான். டோங்-சோக்காக வரும் லீ பியூங்-ஹுன் அந்தப் பொறுமையில்லாத மனிதனின் பொறுமையை என்ன அழகாகக் காட்டியிருப்பார்!

உங்களுக்கு வந்திருக்கும் மெசேஜ் இந்த இரண்டில் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். இன்றைக்கே முடிவெடுக்க வேண்டியதில்லை. பதிலே போடாமல் இருந்தாலும் நீங்கள் கல்நெஞ்சக்காரி ஆகிவிட மாட்டீர்கள்.

கேள்வி: பிரிந்த ஜோடிகளை ஒரே வீட்டில் வைக்கும் ரியாலிட்டி ஷோ பார்ப்பீர்களா?

'எக்ஸ்சேஞ்ச்'தானே? 2021-ல் டிவிங் என்ற இணையத் தளத்தில் தொடங்கியது. பார்ப்பேன். யார் யாருடைய பழைய காதலர் என்பதை மறைத்து வாழவேண்டும். அறிமுகக் கடிதத்தை அந்தப் பழைய காதலரே எழுதித் தருவார். அந்தக் கடிதங்களுக்காகத்தான் பார்க்கிறேன். இரவில், உங்கள் பழையவர் உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று போனில் தகவல் வரும்போது வேறு ஏதாவது வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அந்த முகங்களைப் பார்க்கத் தாங்காது.

கேள்வி: 'ட்வென்டி-ஃபைவ் ட்வென்டி-ஒன்' முடிவை எப்படி ஏற்றுக்கொள்வது? ஹீ-டோவுக்கும் யி-ஜினுக்கும் ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கலாமே!

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. 2022 ஏப்ரலில் அது முடிந்தபோது கொரியாவிலும் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 1998-ல், நாடே பொருளாதார நெருக்கடியில் இருந்தபோது, எல்லாவற்றையும் இழந்த குடும்பத்துப் பையன் யி-ஜினும் வாள்வீச்சு வீராங்கனை ஹீ-டோவும் சந்திக்கிற கதை. அவன் செய்தியாளன் ஆகிறான். 2001-ல் நியூயார்க் தாக்குதலைச் செய்தி சேகரிக்கப் போனவன் அந்தத் துயரத்திலேயே மூழ்கிவிடுகிறான். அவளிடம் பேசுவதற்கு அவனிடம் தெம்பு இல்லை. அவள் காத்திருந்து களைத்துப்போகிறாள்.

பிரிந்த பிறகு இருவரும் மன்னிப்புக் கேட்கத் தேடி வருகிறார்கள், ஒழுங்காக விடைபெறுகிறார்கள். ஆனால் பிரிவின்போது சொன்ன கசப்பான வார்த்தைகளை மாற்றி எழுதிய டைரி காணாமல் போய், மிகவும் தாமதமாக அவள் கைக்குத் திரும்பி வருகிறது. அதற்குள் அவளுக்கு வயதுக்கு வந்த மகள் இருக்கிறாள்.

நானும் அன்றைக்கு அழுதேன். ஆனாலும் இவர்களைச் சேர்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவனுடைய வேலை மாறவில்லை. அவளுடைய தேவையும் மாறவில்லை. 25 வயதில் கஷ்டத்தைத் தனக்குள்ளேயே பூட்டிக்கொண்டவன், 27 வயதில் திறந்துவிடுவான் என்று சீரியல் எங்கேயும் காட்டவில்லை. உங்களில் பலர் எழுதியதுபோல, முன்பாதியின் குதூகலத்துக்குக் கடைசி இரண்டு எபிசோடு அவசரமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரிவுக்கு இன்னும் நேரம் கொடுத்திருந்தால் இத்தனை கடிதம் எனக்கு வந்திருக்காது.

கேள்வி: இந்த வாரக் கடைசியில் பார்க்க ஒன்று சொல்லுங்கள். 'வெல்கம் டு சம்தல்-ரி'யா, 'லவ் யுவர் எனிமி'யா?

இரண்டே நாளில் முடிக்கவேண்டும் என்றால் 'லவ் யுவர் எனிமி'. 12 எபிசோடு, 18 வருடம் கழித்து, கதாநாயகி ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்கே நிர்வாகியாக வந்து இறங்கும் பழைய காதலன், இரண்டு குடும்பத்துக்கும் தலைமுறைப் பகை. ஜாலியாகப் போகும்.

என்னைக் கேட்டால் 'சம்தல்-ரி'தான். 16 எபிசோடு, அடுத்த வாரத்துக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், இருக்கட்டும். புகைப்படக் கலைஞராக சோலில் பேர் வாங்கிய சம்-தல், பழி சுமந்து ஜெஜு தீவுக்குத் திரும்புகிறாள். அங்கே வானிலை ஆய்வு மையத்தில் வேலை செய்யும் யோங்-பில் இருக்கிறான். இவர்களைப் பிரித்தது இவர்கள் இல்லை. கடலில் மூழ்கி இறந்த அவனுடைய அம்மாவின் சாவுக்கு, அவளோடு கடலில் இறங்கிய சம்-தலின் அம்மாதான் காரணம் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருக்கும் அவன் அப்பா. காதலர்கள் சேரவேண்டும் என்றால் முதலில் அந்தப் பெரியவர்கள் இருவரும் பேசியாக வேண்டும். முதல் சில எபிசோடுகளில் நகைச்சுவை கொஞ்சம் கூடுதலாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் தனியாக வரும் காட்சிகளை மட்டும் வேகமாக ஓட்டிவிடாதீர்கள்.